கோயில் முந்தியா, கிராண்ட் முந்தியா?

கோலாலம்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஐயா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் மலாய் நண்பர் ஒருவர், ‘உங்கள் கோயில்கள் ஏன் எப்போதும் அடுத்தவர் நிலத்திலேயே இருக்கின்றன?’ என்று கேட்டார். சண்டைக்கு இழுக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அப்பாவிடம் கேட்டால் கோபப்படுகிறார். நம் கோயில்கள் உண்மையிலேயே சட்டவிரோதமா? அப்படியென்றால் அவற்றை அங்கேயே விடச் சொல்லி நாம் கேட்பது நியாயமா?”

தம்பி, உங்கள் அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபம் அந்த நண்பருக்குப் பதில் ஆகாது. நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் அலுவலகங்களில் முப்பது ஆண்டுக்கு மேல் நிலப் பத்திர வேலை பார்த்த கிராணி, அதாவது எழுத்தர். அதோடு ஒரு சின்ன அம்மன் கோயிலில் பதினோரு ஆண்டு செயலாளராகவும் இருந்தேன். நில அலுவலக முகப்பில் நின்று கேட்ட பேச்சும் உண்டு, கோயில் ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலி பறந்ததைப் பார்த்த அனுபவமும் உண்டு. அந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக. நம் கோயில்களில் பலவற்றுக்கு அவை நிற்கும் மண்ணின் மேல் சட்டப்படி உரிமை இல்லை. அது உண்மை. அவை எல்லாம் திருட்டுத்தனமாக அடுத்தவர் நிலத்தில் எழுப்பப்பட்டவை என்பது பொய். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியாததுதான் நம் தொல்லை. நம்மவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள், எதிர்த்தரப்பு முதலாவதை மட்டும் சொல்லும்.

இப்போது ‘குயில் ஹராம்’, அதாவது சட்டவிரோதக் கோயில், என்று ஒரு சொல் சுற்றுகிறது. கேட்டால் ஏதோ பறவையைத் திட்டுவது போல இருக்கும். மலாய்க்காரர்கள் சொல்லும் ‘குயில்’ வேறொன்றும் இல்லை, நம்முடைய ‘கோயில்’தான். இந்த மண்ணில் நம் கோயில் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு மலாய் அகராதியே ஒரு சாட்சி. ஆனால் அகராதியை நில அலுவலகம் ஏற்காது. அங்கே கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம் வேண்டும்.

சரி, கிராண்ட் ஏன் இல்லை? இதைப் புரிந்துகொள்ள ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும். கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தான். ஆட்கள் தங்க லயம் என்ற வரிசைக் குடியிருப்பு கட்டினார்கள், வேலைக் காட்டைப் பிரித்தார்கள், ஒரு மூலையில் மாரியம்மனுக்கோ முனியாண்டிக்கோ இடம் விட்டார்கள். வெள்ளைக்காரத் துரை பக்தியால் விடவில்லை. கோயில் இருந்தால் ஆள் ஓடமாட்டான், திருவிழா நடந்தால் அடுத்த தோட்டத்துக்குப் போகமாட்டான் என்று கணக்குப் போட்டு விட்டான். சம்பளத்தில் கோயிலுக்கென்று பிடித்துக்கொண்ட தோட்டங்களும் இருந்தன. ஆக, கோயில் நிலத்துக்காரன் தெரியாமல் வந்ததில்லை. நிலத்துக்காரன் காட்டிய இடத்தில், அவன் ஆட்களின் பணத்தில் வந்தது. ஆனால் கிராண்ட் முழுக்க கம்பெனியின் பேரில். கோயில் நின்ற கால் ஏக்கரை யாரும் தனியாகப் பிரித்துப் பதியவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று நம் பாட்டனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் துரையிடம் போய்க் கேட்க முடியுமா?

அப்புறம் தோட்டம் கை மாறியது. சுதந்திரம் வந்த காலத்திலேயே சில தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்கள். எழுபதுகளுக்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க நகரம் ஆனது. ஷா ஆலாம் இருக்கும் இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். பங்சார் என்ற பெயரே ரப்பர் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கு அங்கே காப்பி ஒரு கோப்பை என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். லயத்தில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள், லயத்தை இடித்தார்கள், புதிய நிலத்துக்காரர் வரைபடத்தில் வரிசை வீடு போட்டார். கோயில் மட்டும் அதே இடத்தில் நின்றது. அது யார் நிலத்துக்குள்ளும் நுழையவில்லை. அது நின்ற இடத்தின் மேல்தான் கோடு போட்டார்கள். உங்கள் நண்பரிடம் இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும்.

பட்டணத்துக் கோயில்களின் கதையும் ஏறத்தாழ இதேதான். துரைக்குப் பதிலாக ரயில்வேயும் பொதுப்பணி இலாகாவும். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டி வந்த கோயில்களைப் பாருங்கள். தண்டவாளம் போட்டவர்கள், பட்டறையில் வேலை செய்தவர்கள், சாலைக்குத் தார் ஊற்றியவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் கட்டினார்கள். நிலம் அரசாங்கத்துடையது, குடியிருந்தவர்களும் அரசாங்கத் தொழிலாளிகள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸை இடித்த அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நம் மக்களிடம் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. “அம்பது வருஷமா இருக்கோம், இனிமே அது நம்ம இடம்தான்” என்பார்கள். இது தமிழ்நாட்டுப் பேச்சு. அங்கே அடுத்தவர் நிலத்தைத் தடையில்லாமல் 12 ஆண்டு, அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டு, வெளிப்படையாக அனுபவித்தால் வழக்காட ஓர் ஆதாரம் உண்டு. இங்கே அது கிடையாது. 1966 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் தேசிய நிலச் சட்டம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்ற முறையில் ஓடுகிறது. அதன் 48-வது பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும் உரிமை பிறக்காது என்கிறது. 341-வது பிரிவு, தனியார் நிலத்துக்கும் அதையே சொல்கிறது. நூறு ஆண்டு விளக்கேற்றினாலும் நிலச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் நேற்று வந்தவர்தான். இதைப் பல கோயில் கூட்டங்களில் சொல்லி, “நீ யார் பக்கம்?” என்று கேட்க வைத்திருக்கிறேன்.

அரசமைப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 3-வது விதி இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது, கூடவே மற்ற சமயங்களை அமைதியாக அனுசரிக்கலாம் என்றும் சொல்கிறது. 11-வது விதியின் 3-வது பகுதி, ஒவ்வொரு சமயக் கூட்டமும் தன் காரியங்களைத் தானே நடத்தலாம், சொத்து வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அருமையான வாசகம். ஆனால் சொத்து வைத்துக்கொள்ள உரிமை இருப்பது வேறு, சொத்து இருப்பது வேறு. நிலம் மாநிலத்தின் அதிகாரம். கூட்டரசுப் பிரதேசத்தில் மட்டும் கூட்டரசின் கையில். ஆகவே சிலாங்கூரில் ஒரு கோயிலுக்கு என்ன நடக்கும் என்பதைப் புத்ராஜெயாவில் உள்ள கூட்டரசு அமைச்சர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. தேர்தல் நேரத்தில் மேடையில் நின்று “கோயிலைக் காப்பேன்” என்று சொல்லும் ஒய்பியை, அதாவது மக்கள் பிரதிநிதியைப் பார்த்து நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நில அலுவலகத்துக் கோப்பு எண் என்ன?

பினாங்குக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் கதை வேறு. 1786-இல் தீவைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1801-இல் லெபோ குவீன் தெருப் பக்கம் மாரியம்மன் கோயிலுக்கு நிலம் கொடுத்தது. இன்றைய கோயில் 1833-இல் எழுந்தது. அதே 1801-இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொஹிதீனுக்கும் பள்ளிவாசலுக்கென்று நிலம் கொடுத்தது. அதுதான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ஒரே ஆண்டு, ஒரே கம்பெனி, இரண்டு தரப்புத் தமிழருக்கும் எழுத்தில் நிலம். பின்னர் 1906-இல் சட்டம் போட்டு இந்து அறநிலைய வாரியத்தையும் அமைத்தார்கள். அது இன்றும் சட்டப்படி இயங்குகிறது. பினாங்கில் பிரச்சினையே இல்லை என்று சொல்லவரவில்லை. அங்கேயும் பிறைப் பக்கம், தோட்டப் பக்கம் தாளில்லாத கோயில்கள் உண்டு. ஆனால் ஜார்ஜ் டவுனில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சீனக் கோயிலும் அருகருகே இரண்டு நூற்றாண்டாக நிற்பதற்கு நல்லிணக்கம் ஒரு காரணம் என்றால், நிலத்துக்குத் தாள் இருந்தது இன்னொரு காரணம். இரண்டாவதைச் சுற்றுலாப் புத்தகங்கள் சொல்வதில்லை.

கோலாலம்பூருக்கே வருகிறேன். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில், 130 ஆண்டுப் பழமை என்று சொல்லப்படுவது. அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் ஜேக்கல் துணிக் கம்பெனிக்கு விற்றது. கம்பெனி அங்கே பள்ளிவாசல் கட்ட விரும்பியது. 2025 மார்ச்சில் செய்தி வெடித்தது. கடைசியில் ஏறக்குறைய 50 மீட்டர் தள்ளி வேறு இடம் என்று முடிவானது. மார்ச் 27 அன்று பிரதமர் அன்வார் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார்.

இதில் என் கருத்தைச் சொல்கிறேன், பலருக்குப் பிடிக்காது. வாங்கியவரை விட விற்றவர்தான் இதில் பதில் சொல்ல வேண்டியவர். கோயில் கண்ணெதிரே இருக்கிறது, மணி அடிக்கிறது. அதன் கீழே உள்ள மண்ணை ஒரு பொது அமைப்பு விற்கிறது. விற்பதற்கு முன் கோயிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டு விற்றிருந்தால், அது நாலு பேர் உட்கார்ந்து பேசும் சாதாரணக் காரியமாக முடிந்திருக்கும். பதினோரு ஆண்டு கழித்து, நோன்பு மாதத்தில், நாடே இரண்டாகப் பிரிந்து கத்துகிற நேரத்தில் பேசியதால்தான் அது மதப் பிரச்சினை ஆனது. வேர் மதத்தில் இல்லை, கோப்பில்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அந்தச் சாலைக்குப் பெயர் தந்த மஸ்ஜித் இந்தியா, 1863-இல் தொடங்கிய தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல். அங்கே வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில் நடக்கும். “முஸ்லிம்களுக்கு எதிராக நம் கோயில்” என்று யாராவது பேசினால், அந்தத் தெருவில் நின்று எந்த முஸ்லிமைச் சொல்கிறாய் என்று கேட்கத் தோன்றும். கோயிலுக்காகப் பகிரங்கமாகக் குரல் கொடுத்தவர்களில் லாயர்ஸ் ஃபார் லிபர்ட்டி அமைப்பின் ஸைட் மாலேக் ஒருவர். அவர் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

சாமியை இடம் மாற்றலாமா? உங்கள் அப்பா இதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். “பிரதிஷ்டை பண்ணின சாமியை எடுக்கக்கூடாது” என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. ஆகமக் கோயில்களில் திருப்பணி நடக்கும்போது என்ன செய்கிறோம்? பாலாலயம் செய்கிறோம். சாமியின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி வேறிடத்தில் வைத்துப் பூசை செய்து, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றுகிறோம். ஆகவே எடுக்கவே கூடாது என்று சாஸ்திரத்தின் பெயரால் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்துக் காவல் தெய்வங்கள் விஷயம் வேறு. முனீஸ்வரர் எல்லையில் நிற்பவர். நாகம்மாளுக்குப் புற்றுதான் கோயில். அந்த மரமும் புற்றும் இல்லாமல் சாமி ஏது என்று கும்பிடுகிறவர் கேட்டால், அது வெறும் பிடிவாதம் இல்லை. அவர் நம்பிக்கையின் உள்ளடக்கமே அதுதான். இதை ஓர் அதிகாரிக்கு விளக்குவது கடினம். நான் முயன்றிருக்கிறேன். “மரத்தையும் சேர்த்து மாற்ற முடியாதா?” என்று கேட்டார். நல்ல மனுஷர்தான்.

என்னைக் கேட்டால், எடுப்பதில் பாவம் இல்லை. கேட்காமல் எடுப்பதில்தான் பாவம். பக்தர்கள் சம்மதித்து, பக்கத்திலேயே, குறையாத அளவில், தாளோடு இடம் கிடைத்தால் போகலாம். இதில் தாளோடு என்பதுதான் முக்கியம். ஓர் இடத்திலிருந்து கிளப்பி, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டி, அதற்கும் எழுத்தில் ஒன்றும் தராவிட்டால், இருபது ஆண்டு கழித்து இதே நாடகம் மறுபடி நடக்கும். அப்படி இரண்டு முறை இடம் மாறிய கோயில்களை எனக்குத் தெரியும்.

2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை அமைப்பு அழைத்து கோலாலம்பூர் தெருவில் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் இறங்கியதற்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனால் வீட்டை விட்டு வெளியே வராத அம்மாக்களையும் இறங்க வைத்தது அந்தக் கோயில்தான். 2009 ஆகஸ்டில் ஷா ஆலாமில் 19-வது பிரிவிலிருந்து 23-வது பிரிவுக்கு ஒரு கோயிலை மாற்றும் திட்டத்தை எதிர்த்துச் சிலர் மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனார்கள். “இடம் மாறுங்கள் என்கிறார்கள், மாறும் இடத்திலும் வராதே என்கிறார்கள்” என்று அன்றைக்கு என் மனைவி சொன்னாள். இந்தப் பக்கத்தையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், மறைக்காமல்.

சீஃபீல்டு கோயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதில் நம் தரப்பின் முகமும் தெரிகிறது. சுபாங் ஜெயா யுஎஸ்ஜே-யில் சீஃபீல்டு தோட்டத்து மாரியம்மன். மேம்பாட்டு நிறுவனத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் தகராறு என்றுதான் வெளியில் பேச்சு. உள்ளே, கோயிலை நடத்துவது யார் என்று நமக்குள்ளேயே இரண்டு தரப்பு. 2014-இல் நீதிமன்றத்தில் உடன்பாட்டுத் தீர்ப்பு வந்தது, மாறிச் செல்ல இடமும் பேசப்பட்டது. ஒரு தரப்பு சம்மதித்தது, ஒரு பகுதியினர் ஏற்கவில்லை. 2018 நவம்பர் 26 விடியற்காலையில் ஒரு கும்பல் கோயிலுக்குள் புகுந்தது. அடுத்தடுத்துக் கலவரம், வண்டிகள் எரிந்தன. தீயை அணைக்க வந்த முகமட் அடிப் என்ற இளைஞர் படுகாயம் அடைந்து டிசம்பர் 17 அன்று இறந்தார். அந்தப் பையனுக்கு இந்தச் சண்டையில் என்ன பங்கு? இந்தக் கதையைச் சொல்லும்போது நம்மில் பலர் அவர் பெயரை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். விடக்கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, நியாயமா என்பது. நான் கோயில்களை இரண்டு வகையாகப் பார்க்கிறேன். கிராண்டுக்கு முந்திய கோயில் ஒன்று. அதாவது இன்றைய சொந்தக்காரர் அந்த நிலத்தை வாங்குமுன், தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வருமுன், சாலை வருமுன் இருந்தது. கிராண்டுக்குப் பிந்தியது மற்றொன்று. அதாவது மண் யாருடையது என்று தெரிந்தும், கேட்காமல், நேற்று வைத்தது. முதல் வகைக்காக நாம் கேட்பது பிச்சை இல்லை, சலுகையும் இல்லை. அன்றைக்குப் பதிவு செய்யாமல் விட்ட ஒரு கடனை இன்றைக்கு அடைக்கச் சொல்கிறோம். சட்டம் கைவிட்டாலும் நியாயம் நம் பக்கம் இருக்கிறது. இரண்டாம் வகைக்கு அந்த நியாயம் கிடையாது. இரண்டையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தி “கோயில் என்றால் கோயில்தான்” என்று நாம் பேசும் ஒவ்வொரு முறையும், நூறு ஆண்டுக் கோயிலின் நியாயத்தை எடுத்து நேற்றைய கொட்டகைக்குக் கொடுத்துவிடுகிறோம். கடைசியில் இரண்டும் போகிறது.

இந்த இரண்டாம் வகை எப்படி முளைக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் தேர்தலில் தோற்றவர் அடுத்த மாதமே தனியாக ஒரு சூலத்தை நடுவார். ஒருவர் கனவில் முனியாண்டி வருவார். சில இடங்களில் சாதி, வெளியே யாரும் சொல்லமாட்டார்கள். இன்னும் சில இடங்களில் குறி சொல்லும் தொழில். மின்சார வாரியத்தின் வேலியை ஒட்டி, சாலை ஓரத்து மழைமரத்தடியில், முதலில் மஞ்சள் துணி, பிறகு தகரக் கூரை, பிறகு ஓடு பதித்த தரை, மூன்றாம் ஆண்டு பால்குடம். ஐந்தாம் ஆண்டு மாநகர் மன்றத்து லாரி வந்தால், “ஐயோ, கோயிலை இடிக்கிறார்கள்” என்று காணொளி. பக்கத்துத் தெருவில் பழைய கோயில் ஒன்று பூசாரிக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் கிடக்கும். சீனர்கள் கும்பிடும் டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்தின் மாடங்களும் இப்படிச் சாலையோரம் உண்டே என்பார்கள். உண்டுதான். அதைக் காட்டி நம் தவறைக் கழுவிக்கொள்ள முடியாது.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தாமான் கட்டும்போது சூராவுக்கு, அதாவது முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடத்துக்கு, இடம் விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது, அது நல்ல வழக்கம். மற்றவர்களுக்கு அதே போல் எல்லா இடத்திலும் விடப்படுவதில்லை. ஆயிரம் குடும்பம் குடிவரும் இடத்தில் கும்பிட ஓர் இடம் வரைபடத்திலேயே இல்லை என்றால், மரத்தடியில்தான் முளைக்கும். வழியே விடாமல் அடைத்துவிட்டு, ஏன் வேலியைத் தாண்டினாய் என்று கேட்பது சரியில்லை.

உங்கள் பகுதிக் கோயில் நிர்வாகத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் இதைச் சொல்லுங்கள். முதலில் சங்கப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் நடத்தி, கணக்கு அனுப்பாமல், பதிவு ரத்தான கோயில்கள் ஏராளம். பதிவில்லாத கூட்டத்தோடு நில அலுவலகம் பேசாது. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் 9-வது பிரிவின்படி சங்கத்தின் பெயரிலேயே நிலம் பதியலாம், மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள்தாம் பொறுப்பாளர்கள் என்று பதிவாளர் சான்று தர வேண்டும். அந்த மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுகிறவர்களாக இருந்தால் உத்தமம். தலைவர் தன் சொந்தப் பெயரில் நிலம் வாங்கி, அவர் செத்த பிறகு பிள்ளைகள் சண்டை போட்ட கோப்பு ஒன்று என் கையாலேயே ஓடியிருக்கிறது. அதை முடிக்க எட்டு ஆண்டு ஆனது.

அடுத்தது, என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். பலர் டிஓஎல் கிடைத்ததும் ‘நிலம் கிடைத்துவிட்டது’ என்று விருந்து வைக்கிறார்கள். டிஓஎல் என்பது தற்காலிகக் குடியேற்ற உரிமம். அது அந்த ஆண்டு டிசம்பர் 31-ஓடு முடியும், அடுத்த ஆண்டு பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். அதை நம்பிக் கோபுரம் கட்டக்கூடாது. அதைவிட மேல், தேசிய நிலச் சட்டத்தின் 62-வது பிரிவின் கீழ் அரசு நிலத்தைக் கோயிலுக்கென்று ஒதுக்கி அரசிதழில் போடுவது. சொந்தம் ஆகாது, ஆனால் அதை ரத்து செய்ய மறுபடி அறிவித்து விசாரணை நடத்த வேண்டும். இரவோடு இரவாக முடியாது. எல்லாவற்றிலும் மேல் கிராண்ட். குத்தகைக் கிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை. நிலம் ஏற்கெனவே தனியார் பெயரில் இருந்தால் இந்த மூன்றும் உதவாது. அப்போது பிரித்துத் தரச் சொல்லிப் பேச வேண்டும், அந்தப் பேச்சை மேம்பாட்டுத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்குமுன் பேச வேண்டும். புல்டோசர் வந்த பிறகு இல்லை.

பழமைக்குச் சாட்சி திரட்டுவது இன்னொரு வேலை. ‘நூறு ஆண்டுக் கோயில்’ என்று பலகையில் எழுதிவிட்டால் போதாது. பழைய நில அளவைப் படங்களில் கோயில் குறித்திருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் தோட்டக் கோப்புகளைத் தேடலாம். அந்தக் காலத்து மணியில் பொறித்த ஆண்டு, உபயப் பலகை, கல்யாணப் படத்தின் பின்னால் தெரியும் முகப்பு என்று எல்லாம் பயன்படும். எங்கள் கோயிலில் கிடைத்த மிகப் பழைய தாள், ஒரு தீமிதிக்குப் போலீஸ் அனுமதி கேட்ட கடிதத்தின் நகல். சாம்பிராணி டப்பாவுக்குள் இருந்தது. ஓர் ஓரத்தை எலி தின்றிருந்தது, நல்லவேளையாகத் தேதி இருந்த ஓரம் இல்லை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் நில அலுவலகத்தில் இருந்த மலாய் அதிகாரி முதல் முறையாக எங்களை உட்காரச் சொன்னார்.

திருப்பணிக்கு ஒய்பி கொடுக்கும் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுத்துக்கொள்வதில் நம்மவர்களுக்கு இருக்கும் ஆர்வத்தில் பாதி நிலத்தில் இருந்தால் போதும். சுண்ணாம்புக்கும் வண்ணத்துக்கும் கொடுத்த பணம் அடுத்த கும்பாபிஷேகத்தில் உரிந்துவிடும். அவரிடம் கேட்க வேண்டியது பணம் இல்லை, நில அலுவலகத்துக்கு ஒரு கடிதம்.

இதெல்லாம் சொல்லிவிட்டு என் கதையின் கடைசிப் பகுதியை மறைத்தால் நன்றாக இருக்காது. எங்கள் கோயிலிலிருந்து பிரிந்து போன ஒருவர், முன்னூறு அடி தூரத்தில் சாலையோர மழைமரத்தடியில் முனியாண்டிக்கு மேடை போட்டார். எங்கள் இடத்துக்கான விண்ணப்பம் நில அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்த நேரம். அதிகாரி நேரில் பார்க்க வந்தார், இரண்டையும் சேர்த்தே பார்த்தார். “இது உங்களுடையதா?” என்று அந்த மேடையைக் காட்டிக் கேட்டார். எங்களுடையது இல்லை என்று செயலாளராகிய நான் எழுத்தில் கொடுத்தேன். கொடுக்கும்போது கை நடுங்கியது உண்மை, முனியாண்டிக்கு எதிராக எழுதுகிறோமே என்று. பிறகு முனீஸ்வரரை எங்கள் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து வைக்கலாம், பூசையும் அவரே செய்யட்டும் என்று தலைவர் போய்ப் பேசினார். சாமி வந்தது. அவர் வரவில்லை. இப்போதும் சந்தையில் என்னைப் பார்த்தால் மீன் கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எங்கள் இடம் அரசிதழில் வந்த அன்று அவருக்கும் பிரசாதம் அனுப்பினோம். வாங்கிக்கொண்டார் என்று பையன் சொன்னான்.